ஆறடித் தொட்டி

மே 4

தொட்டி மாற்றுவதாக முடிவு செய்துவிட்டேன். நாலடி போதவில்லை. துரை இப்போது பதினோரு அங்குலம். திரும்பும்போது வால் கண்ணாடியில் உரசுகிறது. சந்தேகம் வேண்டாமென்று ஸ்கேலை வெளியே பிடித்து அளந்தேன். அதையும் கடிக்க வந்தான்.

பின்னால் நானே படித்துக் குழம்பக் கூடாது என்பதால் எழுதி வைக்கிறேன்: துரை என்பது ஆஸ்கர் மீன். கறுப்பு உடம்பில் ஆரஞ்சுத் தீற்றல்கள். ஏழு வருஷமாக என்னிடம் இருக்கிறான். இதுவரை அவனுக்குத் துணையாக விட்டவை மூன்று. கோல்டு ஃபிஷ்: தின்றுவிட்டான். சக்கர் மீன்: கண்ணைக் கொத்திவிட்டான். இன்னொரு ஆஸ்கர்: பதினைந்தே நாளில் கடையில் திருப்பிக் கொடுத்தேன். அதன் பிறகு தனியாள்தான். குணம் அப்படி, என்ன செய்ய.

புதுத் தொட்டி ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். அறுநூறு லிட்டருக்கு மேல் பிடிக்கும். கிழக்கு அறையில் வைக்கலாம். அங்கே ஒரு கட்டில் கிடக்கிறது, யாரும் படுப்பதில்லை. கட்டிலைக் கழற்றிப் போட்டுவிட்டால் சுவர் முழுக்கக் கிடைக்கும். அந்த அறையால் வேறு உபயோகம் எதுவும் இல்லை.

மே 6

மாடியில் குடியிருக்கும் ரெஜினா கதவைத் தட்டி, "ஆன்ட்டி, உங்க பெல் அடிக்கல. ரொம்ப நாளா அடிக்கல போல" என்றாள். திறந்து பார்த்தால் பேட்டரி தீர்ந்து உப்புப் பூத்திருந்தது. எப்போது தீர்ந்ததென்று தெரியவில்லை. பொங்கலுக்கு அடித்ததாக ஞாபகம். புது பேட்டரி போட்டேன்.

மே 10

கொளத்தூர் போய் வந்தேன். வில்லிவாக்கத்திலிருந்து பத்து நிமிஷம். அங்கே ஒரு தெரு முழுக்க மீன் கடைதான். துரையை எனக்கு விற்ற ஏழுமலையின் கடைக்கே போனேன்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் முப்பத்து நாலு வருஷம் மருந்து எடுத்துக் கொடுத்தவள் நான். சீட்டு இல்லாமல் எதையும் வாங்கிப் பழக்கமில்லை. வேண்டிய குணங்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன். ஆறு அங்குலத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும், துரையின் வாயில் நுழையக் கூடாது. வலியப் போய்ச் சண்டை போடக் கூடாது. சண்டை வந்தால் செத்துப் போகவும் கூடாது.

ஏழுமலை தாளைப் படித்துவிட்டு, "இன்னா மேடம், மீன் கேக்குறீங்களா, மாப்ள தேடுறீங்களா?" என்றார்.

ஒவ்வொரு தொட்டியாகக் காட்டினார். ஃபிளவர்ஹார்ன், நெற்றியில் தேங்காய் மாதிரிப் புடைப்பு. "இவன் யாரையும் கூட வச்சிக்க மாட்டான். கண்ணாடில தன் மூஞ்சியப் பாத்தே சண்ட போடுவான்." வேண்டாம். ரெட் டெவில், பெயரே போதும். கிரீன் டெரர் பார்க்க அழகு, நீலமும் பச்சையுமாக மினுங்குகிறது. "ஒரு வருசம் சாதுவா இருப்பான், அப்பால ஆரம்பிப்பான்." இந்த மாதிரி ஆட்களோடு நிறைய வேலை பார்த்தாயிற்று. பேரட் என்று ஒன்று, கலப்பினம், வாய் சரியாக மூடாது. பார்க்கவே பாவமாக இருந்தது. பாவப்பட்டு வாங்கினால் தினமும் பாவப்பட வேண்டும்.

கடைசித் தொட்டியில் ஒரு கூட்டம் மணலை வாய் நிறைய அள்ளிச் செவுள் வழியாகத் துப்பிக்கொண்டிருந்தது. ஓயவே இல்லை.

"ஜியோஃபேகஸ். மண்ணுதின்னின்னு சொல்லுவோம். தங்கமான கொணம், மேடம். மூணு வாங்கிப் போடுங்க, துரை ஜோலிக்கே போகாது. ஒரே ஒரு தொல்லதான். மண்ணப் பொரட்டிக்கினே இருக்கும். நீங்க வச்சது வச்ச மாதிரி இருக்காது."

"அப்ப வேண்டவே வேண்டாம்."

"நெனச்சேன்" என்றார்.

கோல்டு செவரம் என்று முடிவாயிற்று. தட்டையான உடம்பு, வெளிர் மஞ்சள், ஆறரை அங்குலம். அமைதியாக நின்ற இடத்தில் நிற்கிறது. தண்ணீர் பக்குவமாகும் வரை கடையிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மே 13

மங்கை போன் செய்தாள். மங்கையர்க்கரசி. என் ஒரே தங்கை, நாலு வயது சின்னவள், தஞ்சாவூரில் மகனோடு இருக்கிறாள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பேசுவாள். இன்றைக்குப் பண்டிகை எதுவும் இல்லை.

மகனுக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்துவிட்டது. குடும்பத்தோடு போகிறான். ஜூன் பாதியில் வீட்டைக் காலி செய்கிறார்கள். கும்பகோணம் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் இவளுக்கு அறை பார்த்து வைத்திருக்கிறான். ஜூன் முப்பதுக்குள் வருகிறாளா இல்லையா என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டுமாம்.

"அதுக்கு முன்னாடி ஒரு பத்து நாள் உங்கிட்ட வந்து இருந்து பாக்கலாமான்னு..." என்று இழுத்தாள்.

"இருந்து பாக்குறதுன்னா?"

"ஒத்து வந்தா அங்கயே இருந்துடுறேன். வரலைன்னா கும்பகோணம். உனக்குச் சிரமம்னா இப்பவே சொல்லிடுக்கா, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

"சிரமம் என்ன. வா" என்றேன்.

ஆறு வருஷத்துக்கு முன்னால், அவள் வீட்டுக்காரர் தவறிய மூன்றாம் மாதம், இப்படித்தான் வந்தாள். பதினோரு நாள் இருந்தாள். தானாகவே கிளம்பிப் போனாள்.

மே 14

தொட்டியைக் கூடத்தில் வைப்பதுதான் சரி. கிழக்கு அறையில் காலை வெயில் விழுகிறது, பாசி பிடிக்கும். கட்டிலைக் கழற்ற வரச் சொன்ன ஆளை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அந்த அறையில் முப்பது வருஷமாக வெயில் விழுகிறது என்பதையும் எழுதி வைக்கிறேன்.

மே 20

தொட்டி வந்தது. நாலு பேர் தூக்கி வந்து, வாசல் கதவில் இடிக்கப் பார்த்து, ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டு, ஒருவழியாக இரும்பு ஸ்டாண்டில் ஏற்றினார்கள். கண்ணாடிக்கு அடியில் தெர்மோகோல் போட மறந்து, மறுபடி தூக்கி, மறுபடி வைத்தார்கள். ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். இடது பக்கம் ஒரு நூல் இறக்கம். அட்டை கொடுத்துச் சரி செய்ய வைத்தேன். கிளம்பும்போது ஒருவன், "ஆபீஸரா இருந்துருப்பாங்கடா" என்றான். காதில் விழுந்தது.

ரெஜினா படியில் நின்று வேடிக்கை பார்த்தாள். "ஆன்ட்டி, இவ்ளோ பெருசா? ஒரு மீனுக்கா?"

"இன்னொண்ணு வருது" என்றேன்.

மே 21

தண்ணீர் நிரப்பினேன். மெட்ரோ தண்ணீர், குளோரின் மருந்து நாற்பது மில்லி. கசிவு இல்லை.

மே 29

துரையின் தொட்டி ஃபில்டரிலிருந்து பாதி ஸ்பாஞ்சைப் புதுத் தொட்டிக்கு மாற்றி எட்டு நாள் ஆகிறது. தண்ணீர் சீக்கிரம் பக்குவமாகும். சோதனைக் குழாயில் அம்மோனியா நிறம் இன்றைக்கு மஞ்சளாகவே நிற்கிறது, நல்லது.

மங்கை மெசேஜ் அனுப்பியிருந்தாள். ஜூன் 15 டிக்கெட். கீழே, "சாமான் நெறைய கொண்டு வரல, ஒரே பெட்டிதான்" என்று. அதற்கு என்ன பதில் போடுவது என்று தெரியாமல் கட்டைவிரல் படம் போட்டேன்.

ஜூன் 1

துரையை மாற்றினேன். அவன் மிரளக் கூடாது என்று மிகவும் மெனக்கெட்டேன். பழைய தொட்டியைப் படமாக வரைந்து, இடது மூலையில் கடப்பைக் கல் சாய்மானம், நடுவில் மரக்கட்டை, வலப்பக்கம் மூன்று உருண்டைக் கல், எது எதற்கு எத்தனை அங்குலம் என்று குறித்துக்கொண்டு, புதிதிலும் அப்படியே வைத்தேன். மீதி இரண்டடியில் வெறும் மணல்.

உள்ளே விட்டதும் அடியில் போய் ஒருக்களித்துப் படுத்துவிட்டான். கண்ணை மட்டும் உருட்டுகிறான். செத்துப் போகிறானோ என்று ஏழுமலைக்குப் போன் போட்டேன்.

"அது ஒண்ணும் இல்ல மேடம், கோச்சிக்கினு கீறான். ஆஸ்கர் அப்டித்தான். கெஞ்சாதீங்க, ரெண்டு நாள்ல தானா எழுந்துப்பான்."

ஜூன் 3

எழுந்துவிட்டான். நேரே கடப்பைக் கல்லுக்குப் பின்னால் போய் நின்றான். அவனுடைய பழைய இடம். எனக்குத் திருப்தியாக இருந்தது.

ஜூன் 5

செவரம் வந்தது. பையை அரை மணி மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, விளக்கை அணைத்து, துரைக்கு முதலில் வயிறு நிறையப் போட்டுவிட்டுத்தான் திறந்தேன். புத்தகத்தில் சொன்ன எல்லாம் செய்தேன்.

முதல் பத்து நிமிஷம் ஒன்றுமில்லை.

ஜூன் 6

செவரத்தின் வாலில் ஒரு துண்டு இல்லை. வெறும் மணல் இருக்கும் பக்கத்துக்குக்கூட அவன் விடவில்லை. ஆறடியையும் தன்னுடையது என்கிறான். அது மேல்மூலையில், ஃபில்டர் குழாய்க்கும் கண்ணாடிக்கும் நடுவே, வாய் மேலே பார்த்தபடி நிற்கிறது. சாப்பாடு போட்டால் இறங்குவதில்லை.

ஜூன் 7

இன்றும் சாப்பிடவில்லை. பக்கவாட்டுச் செதில் பெயர்ந்து சதை தெரிகிறது. துரையைக் குச்சியால் விரட்டினேன். குச்சியைக் கடித்துவிட்டு மறுபடி அதனிடமே போனான். "உனக்கு என்னடா குறை வச்சேன்" என்று சத்தம் போட்டுவிட்டேன். மாடியிலிருந்து ரெஜினா, "ஆன்ட்டி, யாரு?" என்று கேட்டாள். டி.வி. என்றேன்.

ஜூன் 8

செவரத்தை ஒரு பக்கெட்டில் போட்டுக் காற்றுக் குழாய் வைத்துவிட்டுக் கொளத்தூர் போனேன். திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்றேன்.

ஏழுமலை, "கல்லெல்லாம் எப்டி வச்சீங்க?" என்றார்.

"பழைய தொட்டியில இருந்த மாதிரியே. படம் வரஞ்சு வச்சு, ஒரு இஞ்ச் பிசகாம."

தலையில் கை வைத்துக்கொண்டார். "போச்சு. மேடம், தொட்டிதான் புச்சு, வூடு பழசு. அவன் வூட்ல அவன் கீறான். உள்ள வர்றது எதா இருந்தாலும் திருடன்னுதான் நெனப்பான். செவரத்து மேலயும் தப்பில்ல, அவன் மேலயும் தப்பில்ல."

"பின்ன யார் மேல?"

அதற்கு அவர் மரியாதையாக மேலே ஃபேனைப் பார்த்தார்.

"இப்ப என்ன பண்றது?"

"துரைய வெளிய எடுங்க. கல்லு, கட்ட, ஒண்ணு பாக்கி இல்லாம எடுத்துக் கலச்சு, வேற மாரி வைங்க. புச்ச மொதல்ல உள்ள வுடுங்க. அது பாட்டுக்குச் சுத்திப் பாத்து ஒரு எடம் புடிச்சிக்கட்டும். அப்பால மூணு மணி நேரம் கழிச்சுப் பழச வுடுங்க. அதுக்கும் புச்சு, இதுக்கும் புச்சு. ரெண்டும் வழி தேடிக்கினு திரியும், சண்ட போட நேரம் இருக்காது. எல்லாரும் செய்றதுதான்."

"இத முதல்லயே சொல்லக் கூடாதா?"

"நீங்க எங்க கேட்டீங்க? சீட்டு எழுதிக்கினு வந்தீங்க. சீட்ல இருந்ததக் குடுத்தேன்."

ஜூன் 10

முதலில் செவரம் தேறட்டும் என்று நேற்று முழுக்கப் பக்கெட்டிலேயே உப்புத் தண்ணீரில் வைத்திருந்தேன். இன்று காலை கலைத்தேன். துரை பிளாஸ்டிக் தொட்டியில், மேலே வலை, வலைமேல் அகராதி. கடப்பைக் கல்லை வலது கோடிக்குக் கொண்டுபோனேன். மரக்கட்டையைத் தலைகீழாகப் போட்டேன். உருண்டைக் கற்களை ஒன்றிங்கும் ஒன்றங்குமாக வைத்தேன். வைத்து முடித்துவிட்டுப் பார்த்தால் அசிங்கமாக இருந்தது. கை இரண்டு தடவை பழையபடி நகர்த்தப் போயிற்று. சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டேன்.

பதினோரு மணிக்குச் செவரம். இரண்டு மணிக்குத் துரை.

துரை நேரே இடது மூலைக்குப் போனான். கல் இல்லை. நின்றான். திரும்பினான். கட்டையின் அடியில் செவரம் இருந்ததைப் பார்த்தான். செவுளை விரித்து ஒரு மிரட்டல், அவ்வளவுதான். மறுபடி தன் கல்லைத் தேடப் போய்விட்டான். நான் நாற்காலியைப் போட்டுக்கொண்டு ஐந்து மணி வரை பார்த்தேன்.

ஜூன் 11

செவரம் இரண்டு உருண்டை சாப்பிட்டது.

ஆறு வருஷத்துக்கு முந்தைய அந்தப் பதினோரு நாள் விஷயத்தை நேராக எழுதிவிடுகிறேன்.

அப்போது மங்கை புளி டப்பாவை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். அதன் இடம் இரண்டாம் தட்டு. நான் எடுத்து இரண்டாம் தட்டில் வைத்தேன். மறுநாள் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தது. நான் எடுத்து வைத்தேன். துவரம் பருப்பு, மிளகு, காப்பிப் பொடி, எல்லாமே இப்படி. அவளும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. சத்தமே இல்லாத வீடு. பத்தாம் நாள் நான் மருந்து அலமாரிக்குச் செய்வதைச் செய்தேன். வெள்ளைத் தாளைப் பட்டை பட்டையாக வெட்டி, புளி, து. பருப்பு, மிளகு, சீரகம் என்று எழுதி, டப்பாவில் இல்லை, தட்டின் விளிம்பில் ஒட்டினேன். இருபத்து மூன்று லேபிள். கையெழுத்து நன்றாகவே வந்திருந்தது.

மறுநாள் காலை அவள் இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகப் படித்தாள். பிறகு பால் காய்ச்சி எனக்குக் காப்பி கொடுத்தாள். "அக்கா, மத்தியான பஸ்ஸுக்குப் போறேன்" என்றாள். "சாப்பிட்டுப் போ" என்றேன். தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே வந்து புளி டப்பா அதன் இடத்தில் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. ஆறு வருஷமாக இருக்கிறது.

தானாகவே கிளம்பிப் போனாள் என்று எழுதியிருந்தேன். அப்படி இல்லை.

ஜூன் 13

லேபிள்களை எடுத்தேன். வெந்நீரில் துணி நனைத்து ஊறவைத்து, பிளேடால் சுரண்டி, பசைக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்து. நல்ல பசை, எளிதில் விடவில்லை. நகம் ஒன்று பிய்ந்தது. டப்பாக்கள் எல்லாவற்றையும் இறக்கிச் சாப்பாட்டு மேசையில் கும்பலாக வைத்தேன். பாத்திரங்களையும். கூடத்தில் என் நாற்காலியையும் அலமாரியையும் வெவ்வேறு சுவருக்கு மாற்றினேன்.

மீனுக்கும் இதற்கும் முடிச்சுப் போட எனக்கென்ன பைத்தியமா. தட்டில் தூசு சேர்ந்திருந்தது, இறக்கினேன்.

சரி, பொய் எழுதுவதற்கு எதற்கு நாட்குறிப்பு. அவள் இங்கேயே இருக்க வேண்டும். கும்பகோணத்துக்குப் போகக் கூடாது. பெல் தீர்ந்ததுகூடத் தெரியாமல் நாலு மாதம் இருந்திருக்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது.

ஜூன் 14

மங்கையிடம் பேசினேன். ரயில் தாம்பரத்துக்கு ஒன்றரைக்கு வரும், மூன்று மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுவாள்.

"நான் ஸ்டேஷனுக்கு வரல. வீட்லயும் இருக்க மாட்டேன். சாவி மாடியில ரெஜினாகிட்ட இருக்கும். வாங்கித் தெறந்துக்கோ."

"வர வேணாம்னா வாய விட்டுச் சொல்லேன்க்கா. எதுக்கு இப்படிச் சுத்தி வளைக்கிறே?" என்றாள். குரல் உடைந்திருந்தது.

"அதில்லடி. நீ முதல்ல உள்ள போ. நான் அப்புறம் வர்றேன்."

"இது என்ன புது வழக்கம்?"

விளக்கத் தெரியவில்லை. "சொன்னதச் செய்" என்று அதட்டிவிட்டு வைத்துவிட்டேன். முப்பத்து நாலு வருஷம் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு உள்ளேயிருந்து பேசியே பழகிவிட்டது. வராமலே போய்விடுவாளோ என்று இருக்கிறது.

ஜூன் 15

இரண்டு மணிக்குப் பூட்டி, சாவியை ரெஜினாவிடம் கொடுத்துவிட்டு ஏழுமலை கடைக்குப் போனேன். ஸ்டூலில் உட்கார்ந்தேன். மூன்றேகாலுக்கு ரெஜினா மெசேஜ்: "வந்துட்டாங்க ஆன்ட்டி. சாவி குடுத்துட்டேன்." மூச்சு வந்தது.

நாலு மணிக்கு ஏழுமலை, "இன்னா மேடம், வாங்க வந்தீங்களா, குந்த வந்தீங்களா?" என்றார்.

"வீட்டுக்குத் தங்கச்சி வந்திருக்கா."

"வந்தா நீங்க வூட்ல இல்ல இருக்கணும்?"

"நீங்கதானே சொன்னீங்க. புதுச முதல்ல விடு, மூணு மணி நேரம் கழிச்சுப் பழச விடுன்னு."

அவர் சிரிக்கவில்லை. பக்கத்துக் கடையில் டீ சொன்னார்.

ஐந்தரைக்கு எழுந்தேன். கடைசித் தொட்டியில் மண்ணுதின்னிகள் அதே மாதிரி அள்ளித் துப்பிக்கொண்டிருந்தன. "இதுல பெருசா மூணு பிடிங்க" என்றேன்.

"பொரட்டுமே?"

"பொரட்டட்டும்."

கேட்டைத் திறந்து என் வீட்டு வாசலில் நின்றேன். கையில் மூன்று பை. சாவி இல்லை. காலிங் பெல்லை அழுத்தினேன். இந்த வீட்டின் பெல்லை வெளியே நின்று நான் அழுத்தியதே இல்லை. அது இவ்வளவு சத்தமாகக் கேட்கும் என்று தெரியாது.

"யாரு?"

"நான்தான்."

மங்கை கதவைத் திறந்தாள். இளைத்திருந்தாள். முன்தலை முழுக்க நரைத்திருந்தது. ஒரு கையில் கரண்டி. என்னைப் பார்த்தாள், பைகளைப் பார்த்தாள்.

"என்னக்கா இது, தண்ணியத் தூக்கிட்டு வர்றே?"

"மீன்."

"சரி, உள்ள வா. செருப்ப வெளியவே விடு, இப்பத்தான் தொடச்சேன்."

செருப்பை எப்போதும் உள்ளே, கதவுக்குப் பின்னால்தான் விடுவேன். வெளியே விட்டேன்.

சமையலறையில் ஒன்றுகூட இருந்த இடத்தில் இல்லை. புளி அடுப்புக்குப் பக்கத்தில். பருப்பெல்லாம் கீழ்த்தட்டில். சுவர் ஆணியில் முறம்.

"டப்பாவெல்லாம் மேசையில கொட்டிக் கெடந்துச்சு. வெள்ளையடிக்கப் போறியா?"

"இல்ல."

"லேபிள் எங்க?"

"எடுத்துட்டேன்."

அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. வெகுநேரம் அதைக் கிண்டினாள்.

ஜூன் 17

மண்ணுதின்னிகள் இரண்டு நாளில் வேலையைக் காட்டிவிட்டன. வலப்பக்கம் ஒரு பள்ளம், நடுவே ஒரு மேடு. மரக்கட்டை ஒரு பக்கம் இறங்கிவிட்டது. துரை பள்ளத்தைச் சுற்றிச் சுற்றி வந்து பார்க்கிறான். மங்கை கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, "என்னடா, உன் வீட்ட ஒடைக்கிறாங்க, பாத்துட்டு நிக்கிறே?" என்று அவனைக் கேட்டாள். அவளுக்கு அவனைப் பிடித்திருக்கிறது. அவள் விரலைப் பார்த்தாலும் வருகிறான்.

ஜூன் 20

தப்பு செய்துவிட்டேன். காலையில் ரசம் வைத்துவிட்டுப் புளி டப்பாவை எடுத்து இரண்டாம் தட்டில் வைத்துவிட்டேன். யோசித்துச் செய்யவில்லை, கை தானாகச் செய்தது. திரும்பினால் மங்கை நிலைப்படியில் நிற்கிறாள். அப்படியே திரும்பிப் போனாள்.

மதியம் அவள் கும்பகோணம் இல்லத்துக்குப் போனில் பேசியது காதில் விழுந்தது. "அந்த ரூமுக்கு ஜன்னல் எந்தப் பக்கம் சார்? போட்டோ இருந்தா அனுப்புங்களேன்."

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஜூன் 21

அவள் பார்க்கும்போது, அவள் பார்க்கிறாள் என்று தெரிந்தே, டப்பாவை எடுத்து அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். "அங்க இருந்தா சூடு படுமோ என்னமோ" என்றாள். "பட்டா படட்டும்" என்றேன்.

ஜூன் 22

தண்ணீர் கால் பங்கு மாற்றினேன். மங்கை குழாயைப் பிடித்துக்கொண்டாள். செவரத்துக்கு வால் வளர்ந்து வருகிறது.

ஜூன் 25

பதினோராம் நாள்.

எழுந்து வந்தால் காப்பிப் பொடியைக் காணோம். நேற்று மேல்தட்டில் இருந்தது, முந்தாநாள் ஜன்னலோரம் இருந்தது. ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார்த்தேன். கோபம் மண்டைக்கு ஏறியது. மறைக்க ஒன்றுமில்லை, நன்றாகவே ஏறியது. கூடத்துக்கு வந்தேன். மங்கை தொட்டிக்கு முன் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"காப்பிப் பொடிய எங்கடி வச்சே?" என்று கேட்டேன்.

திரும்பினாள். "என்ன கேட்டே?"

"காப்பிப் பொடி. எங்க வச்சேன்னு கேக்கிறேன்."

"ஆறு வருஷத்துக்கு முன்னாடி இத ஒரு தடவ கேட்டிருந்தீன்னா..." என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினாள். எழுந்து வந்து, சர்க்கரைக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தாள். இரண்டு பேருக்கும் நானே கலந்தேன்.

டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "இல்லத்துலேருந்து ரெண்டு தடவ கூப்பிட்டுட்டாங்க. இன்னிக்கு என்ன சொல்லட்டும்?"

"சொல்லிடு."

"என்னன்னு?"

"அதான்... உனக்குத் தெரியாதா?"

"தெரியாது. லேபிளெல்லாம் எடுத்தே, நாற்காலிய மாத்தினே, வீட்டையே எனக்குத் தெறந்து விட்டுட்டு நீ போய் வெளிய உக்காந்தே. எல்லாம் பாத்தேன். மீனுக்கும் நீ இப்படித்தான் கலைச்சு வச்சதா ரெஜினா சொன்னா. ஆனா நான் மீன் இல்லக்கா. வாயத் தெறந்து சொல்லு."

தொட்டியில் மண்ணுதின்னி ஒன்று வாய் நிறைய மணலைக் கொண்டுபோய்த் துரையின் வாலுக்குப் பக்கத்தில் துப்பியது. அவன் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான்.

"இங்கயே இருடி, மங்கை" என்றேன். "எனக்கு யாரும் இல்ல."

அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். நானும்தான். காப்பி ஆறிப்போய், மறுபடி சூடு பண்ண வேண்டியதாயிற்று.

ஜூன் 26

மாலையில் பெல் அடித்தது. நான் எழுந்திருக்கவில்லை. மங்கை போய்த் திறந்தாள்.